ஓப்பனரை எப்படிப் பொறுக்குவது? மண்டபம் டீக்கடைச் சண்டைக்காக

இந்திய கிரிக்கெட் அணியை அறிவிக்கிற நாளில் எங்கள் மண்டபம் ஊர் டீக்கடையில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. "டி20ல அந்த அடி அடிக்கிறான், டெஸ்ட்ல ஏன் இறக்கல?" என்று ஒரு அண்ணன் ஆரம்பித்தால் ராத்திரி படகு கிளம்பும்வரை ஓடும். ஓப்பனரை, அதாவது முதலில் இறங்கும் பேட்ஸ்மேனை, எப்படி எடுப்பது என்று அவருக்காகத்தான் இது.

முதலில் சராசரியை ஓரமாக வையுங்கள். புதுப்பந்து அந்த ஆட்டத்தில் எவ்வளவு நேரம் தொல்லை கொடுக்கும், அதற்கு இந்த ஆளிடம் என்ன பதில் இருக்கிறது, அதை மட்டும் பாருங்கள்.

டெஸ்டுக்கு ஆள் எடுக்கும்போது அவர் எதை அடிக்கிறார் என்பதைவிட எதைத் தொடாமல் விடுகிறார் என்று கவனிக்கணும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்துக்குக் கை தானாக நீளுகிறதா? இங்கிலாந்துக்கு வேண்டாம். அங்கே டியூக்ஸ் கம்பெனிப் பந்து, தையல் சீக்கிரம் அமுங்காது, மேகமூட்டம் வேறு. ஆஸ்திரேலியாவில் கூகபுரா கம்பெனிப் பந்து ஆரம்பத்தில் ஸ்விங் ஆகிவிட்டு அடங்கிவிடும், ஆனால் எகிறும், அதனால் பின்காலில் ஆடத் தெரியணும். நம் நாட்டில் சுழல் சீக்கிரம் வந்துவிடும், ஆகவே சேப்பாக்கத்துச் சதத்தைக் காட்டி லார்ட்ஸுக்கு டிக்கெட் கேட்கக் கூடாது. வடகடலில் மட்டுமே தொழில் பார்த்தவரைக் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் கொந்தளிக்கும் தென்கடலுக்குத் தனியாக அனுப்புவோமா என்ன? ரோஹித் சர்மா ஒருநாளில் 2013 முதல் ஓப்பனர், ஒரே இன்னிங்ஸில் 264 கூட அடித்துவிட்டார், ஆனால் டெஸ்டில் ஓப்பனராக இறங்கியது 2019ல்தான். 2021ல் ஓவலில் அவர் 127 அடித்த இன்னிங்ஸில் எனக்குப் பிடித்ததே அவர் விட்ட பந்துகள்தான். (டெஸ்டிலும் ஓப்பனராக வந்து அடித்தே ஆடிய சேவாக் கதையை எடுக்காதீர்கள். 319 அடித்தவருக்கு இந்த விதியெல்லாம் எதற்கு?)

ஒருநாள் ஆட்டத்தில் ஆளை எடுக்காதீர்கள், ஜோடியை எடுங்கள். முதல் 10 ஓவர் பவர்பிளே, வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்கள்தான், வெள்ளைப் பந்தும் சில ஓவர்தான் ஸ்விங் ஆகும், அதனால் ஒருவராவது அடிக்கணும். இரண்டு பேருமே அடிக்கலாமா என்றால், அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கணும். 1996 உலகக் கோப்பையில் அக்கரைக்காரர்கள், இலங்கையின் ஜெயசூர்யாவும் கலுவிதாரணாவும் டெல்லியில் நம்மை 3 ஓவரில் 42 அடித்தார்கள். அதே ஜோடி கொல்கத்தா அரையிறுதியில் முதல் ஓவரிலேயே காலி, 1 ரன்னுக்கு 2 விக்கெட். அப்புறம் அரவிந்த டி சில்வா வந்து 66 அடித்தார், ஆட்டம் நம் கையைவிட்டுப் போனது. கீழே அப்படி ஒருத்தர் இல்லையென்றால் இரண்டு அதிரடிக்காரர்களை மேலே வைப்பது வெறும் சூதாட்டம்.

டி20 சுலபம். மொத்தம் 120 பந்து, அதில் பவர்பிளே 36. ஒருவர் தான் சந்திக்கும் முதல் பத்துப் பந்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள், போதும். 12 பந்தில் 25 அடித்து அவுட்டானவரைத் திட்டாதீர்கள், 38 பந்தில் 40 அடித்து நாட் அவுட்டாக நிற்கிறவரைத்தான் கேள்வி கேட்கணும். ஒரு இடதுகை, ஒரு வலதுகை அமைந்தால் பந்துவீச்சாளருக்கு அளவு தப்பும், நல்லது. அதற்காகச் சுமாரான இடதுகைக்காரரைத் திணிக்க வேண்டாம்.

சரி, அந்த அண்ணன் சொன்ன பையன்? டெஸ்ட் மாதிரியே பல நாள் ஆடும் உள்நாட்டு ரஞ்சிக் கோப்பையின் அடுத்த ஆட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் எத்தனை பந்தை விடுகிறான் என்று அண்ணனே எண்ணிவிட்டு வரட்டும், அன்றைக்கு டீ என் செலவு.