நல்ல கடவுள், இத்தனை துன்பம்: பக்தரும் நாத்திகரும் உட்கார்ந்து பேசுவது எப்படி?

இந்தப் பேச்சைப் பொதுவாகத் தொடங்காதீர்கள். 'உலகில் ஏன் துன்பம்?' என்று கேட்டால் ஆளுக்கொரு சொற்பொழிவு வரும், அவ்வளவுதான். நடந்த ஒன்றை நடுவில் வையுங்கள். நாகப்பட்டினத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் நான் எடுத்துக்கொள்வது 2004-ஆம் ஆண்டை. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். டிசம்பர் 26 அன்று சுனாமி. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல்.

இரண்டையும் சேர்த்துப் பேச விடாதீர்கள். கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் பற்றிய தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவியது. அது மனிதர்களின் அலட்சியம். பக்தர்கள் பக்கம் இதற்கு வலுவான பதில் உண்டு: நல்லது செய்யும் சுதந்திரத்தை மனிதனுக்குக் கொடுத்தால் கெட்டது செய்யும் சுதந்திரமும் கூடவே வரும், ஒவ்வொரு தவறையும் கடவுள் கைபிடித்துத் தடுத்தால் மனிதன் பொம்மை. நான் கோயிலுக்குப் போகிறவள், இந்தப் பதிலை மதிக்கிறேன். என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டைக்காரர். அவர் கேட்பது ஒன்றுதான்: "கீற்றுப் போட்டவனுக்குச் சுதந்திரம் இருந்தது. உள்ளே இருந்த பிள்ளைக்கு என்ன இருந்தது?" இந்தக் கேள்வி வரும்போது உடனே யாரையும் பதில் சொல்ல விடாதீர்கள். கொஞ்ச நேரம் அது அறையிலேயே இருக்கட்டும்.

பிறகு சுனாமிக்கு வாருங்கள். இங்கே குற்றவாளி இல்லை. சுமத்ரா அருகே கடலடித் தட்டு நழுவியது; இரண்டு மணி நேரத்துக்குப் பின் அலை நம் கரைக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். மாதா கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று பக்தர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்வார்கள். அந்த நெகிழ்ச்சியை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால் மாதாவிடம் வேண்டிக்கொள்ள வந்தவர்களே கரையில் போனார்களே என்று கேட்க நாத்திகருக்கு முழு உரிமை உண்டு. சுதந்திரம் பற்றிய பதில் இங்கே உதவாது.

பக்தர் வேறு வழி தேட வேண்டும். மாறாத விதிகளால் இயங்கும் உலகில்தான் உயிர் வாழ முடியும், தட்டுகள் நகர்வதும் அந்த விதிகளில் ஒன்று என்பார் ஒருவர். உயிர் பக்குவப்படவே இறைவன் வினையை நுகர வைக்கிறான் என்பது சைவ சித்தாந்தம். இது சோதனை, பொறுமைக்குக் கூலி இறைவனிடம் உண்டு என்பார் முஸ்லிம் நண்பர். மூன்று வயதுக் குழந்தை சாவதில் எந்த உயிர் பக்குவப்பட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன்.

நாத்திகரையும் எளிதாக விட்டுவிடாதீர்கள். பூமி அசைந்தது, யாரும் எதையும் நினைக்கவில்லை, 'ஏன்' என்று கேட்பதை விட்டு 'எப்படித் தடுப்பது' என்று கேள் என்பது அவர் நிலை. நேர்மையான நிலைதான். 2004-இல் இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். ஆனாலும் அவரிடம் கேளுங்கள்: யாரும் செய்யாத ஒன்று நமக்கு ஏன் வெறும் சோகமாக இல்லாமல் அநியாயமாகப் படுகிறது?

ஒரே ஒரு தடை போடுவேன். "அது அவர்கள் வினை" என்று பிறர் பிள்ளையைப் பற்றி யாரும் சொல்லக் கூடாது. சூலை நோயில் துடித்த அப்பர் 'கொடுமைபல செய்தன நான் அறியேன்' என்று பாடியது தன் வயிற்று வலியைப் பற்றி. தன் துன்பத்துக்கு வினையைக் காரணம் சொல்லிக்கொள்வது பக்தி. அடுத்த வீட்டுச் சாவுக்குச் சொல்வது தீர்ப்பு.

கடவுளைத் திட்டுவதற்கு மட்டும் தடை வேண்டாம். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இப்படி ஓர் உலகைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்றார். அது புறநானூற்றின் 194-ஆம் பாட்டு. அதை உரக்கப் படித்துவிட்டால் பக்தர்களும் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

கடைசி அரை மணி நேரம் இடம் மாற்றுங்கள். நாத்திகரின் வாதத்தை அவரே ஒப்பும்படி பக்தர் சொல்ல வேண்டும். பக்தரின் வாதத்தை அதேபோல் நாத்திகர். என் வீட்டுக்காரர் சித்தாந்தம் பேசிக் கேட்ட பிறகுதான் அதில் எங்கே பலம் என்று எனக்கே பிடிபட்டது.

எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வருபவர்களில் கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர் ஒருவராவது இருப்பார். அவர் வாய் திறந்தால் விவாதத்தை அப்படியே நிறுத்துங்கள். பைபிளில் பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்தது அந்த விளக்கக்காரர்களைத்தான். அந்தத் தாயிடம் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், எந்த வகுப்பு படித்தான் என்று கேளுங்கள். விவாதத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.