கோல்கா கேன்யனுக்கு ஜோடியாகப் போகிறீர்களா? கடைசி நாளிலிருந்து திட்டம் போடுங்கள்

பெருவின் தெற்குப் பகுதியில் உள்ள அரெகிப்பா நகரிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம் போனால் கபனகொண்டே என்று ஒரு சின்ன ஊர் வரும். ஊரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் தரையே முடிந்துவிடும். கீழே எங்கேயோ நூல் மாதிரி ஒரு ஆறு. கோல்கா கேன்யன் என்ற இந்தப் பெரும் பள்ளத்தாக்கின் ஆழம் 3,000 மீட்டருக்கு மேல் என்று படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், அது எதிர்ப்பக்கத்துச் சிகரங்களிலிருந்து ஆறு வரைக்குமான கணக்கு. நீங்கள் இறங்கப்போவது சுமார் 1,100 மீட்டர்தான். அதுவே போதும் போதும் என்றாகிவிடும்.

மலை என்றால் முதலில் ஏறுவோம், முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடுவோம். இங்கே எல்லாம் தலைகீழ். இறக்கம் முதல் நாள், தெம்பாக இருக்கும்போது. ஏற்றம் கடைசி நாளான மூன்றாம் நாள், கால் ஓய்ந்தபிறகு. அதனால் திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேருக்கும் முழங்கால் சரியாக இருக்கவேண்டும், அதற்கு முதல் இரண்டு நாள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று பாருங்கள்.

மே முதல் நவம்பர் வரை போகலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை, பாதையில் கல் சரியும். அரெகிப்பா 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே இரண்டு நாளாவது தங்குங்கள். பஸ் வழியில் பட்டபாம்பா கணவாய் 4,900 மீட்டர், அங்கேதான் தலைவலி பிடித்துக்கொள்ளும். கோகா இலைத் தேநீரும் மெதுவான நடையும் உதவும். வாந்தி, தள்ளாட்டம் என்று போனால் தேநீரை நம்பாமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். பணத்தை ரொக்கமாக, சில்லறை சோல்களாக (பெருவின் நாணயம்) வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாச் சீட்டுக்கு எங்களிடம் ஆளுக்கு 70 சோல் வாங்கினார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இதை யாரும் சொல்லித்தரவில்லை எனக்கு. மூன்று மணி நேரம் தொடர்ந்து இறங்கும்போது விரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும், என் வலது கட்டைவிரல் நகம் கறுத்து, ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து உதிர்ந்தது. இறங்கும்போது ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது. பாதை முழுக்க உருளும் சரளைக்கல், கைத்தடி ஆளுக்கு ஒன்றாவது வேண்டும்.

முதல் நாள் சான் ஹுவான் தே சுச்சோ என்ற கிராமத்துக்கு இறங்குங்கள். மேலே மொட்டைப்பாறை, கீழே போனால் பச்சை, அவகாடோ மரம், அத்திமரம். ஓரத்துச் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்தால் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் நசுக்குங்கள், ரத்தம் மாதிரி சிவப்பு வரும். அது கொச்சினியல் பூச்சி, உதட்டுச்சாயத்துக்கும் துணிக்கும் சாயம் எடுப்பது இதிலிருந்துதான். மனைவி அதைக் கன்னத்தில் தடவிக்கொண்டாள், ராத்திரி வரைக்கும் போகவில்லை.

சைவம் என்றால் "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் சூப்பில் கோழி இருந்தாலும் சிலருக்கு அது கறிக் கணக்கில் வராது, தனியாகக் கேட்டுவிடுங்கள். சோறு, உருளைக்கிழங்கு, கினுவா தானிய சூப், இவை கிடைக்கும். ஊறுகாய் பாட்டில் எடுத்துப்போனது எங்கள் வாழ்க்கையின் நல்ல முடிவுகளில் ஒன்று.

இரண்டாம் நாள் கொஸ்னிர்வா, மலாட்டா கிராமங்கள் வழியாகச் சங்காயே என்ற ஆற்றங்கரைச் சோலைக்கு. கொஞ்சம் ஏறி, நடந்து, மறுபடி ஆற்றுக்கு இறங்கவேண்டும். மதியத்துக்குள் போய்ச்சேர்ந்துவிடலாம், அங்கே பனை வகை மரமும் நீச்சல் குளமுமாக இருக்கும், பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சுற்றிவரலாமே என்று தோன்றும். வேண்டாம். குளத்தில் காலை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இன்னொரு நாள் கையில் இருந்தால் மட்டும் யாவார் பக்கம் போய் ஆற்றோரத்து வெந்நீர்க் குளத்தில் ஒரு ராத்திரி தங்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு பேருக்கும் ஒரே வேகம் இருக்காது. எங்களில் இறக்கத்தில் அவளுக்கு முழங்கால் வலி, ஏற்றத்தில் எனக்கு மூச்சு. வேகமானவர் முன்னால் போய்விட்டுத் திருப்பத்தில் நின்று காத்திருப்பது நல்லெண்ணமாகத் தெரியும், ஆனால் பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்த நிமிடமே முன்னவர் ஓய்வு முடிந்து கிளம்புவார், பின்னவருக்கு ஓய்வே கிடையாது. இரண்டாம் நாள் இதற்காகவே சண்டை. "நீங்க முன்னாடி போங்க, நான் உங்க கால பாத்தே வந்துடுறேன்" என்று மூன்றாம் நாள் அவள் சொன்னதோடு சரியாயிற்று. மெதுவாக நடக்கிறவர்தான் முன்னால். தண்ணீரை மட்டும் ஒரே பையில் வைக்காதீர்கள், ஆளுக்கு இரண்டரை லிட்டர், அவரவர் தோளில்.

ஏற்றத்துக்குக் கோவேறு கழுதை வேண்டுமா என்பதை முந்தின சாயங்காலமே முடிவு செய்து விடுதியில் சொல்லிவிடுங்கள். பாதி ஏற்றத்தில் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் பேரம் பேச வாயில் ஈரம் இருக்காது. ஒருவர் மட்டும் ஏறிப்போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதையின் விளிம்பிலேயே நடக்கும், உயரம் என்றால் பயப்படுகிறவருக்கு நடப்பதே மேல்.

மூன்றாம் நாள் நாலரைக்கெல்லாம் நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுங்கள். ஏறி முடிக்க மூன்று முதல் நாலு மணி நேரம் ஆகும், ஒன்பது மணி வெயிலில் அந்தப் பாறைச்சுவர் அடுப்புக்கல் மாதிரி சுடும். இருட்டில் மேலே பார்க்காதீர்கள், முன்னால் போனவர்களின் விளக்குகள் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரியும், மனசு விட்டுப்போகும். இருபது நிமிடம் நடை, இரண்டு நிமிடம் நிற்பது, ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான்.

மேலே வந்ததும் கபனகொண்டே சதுக்கத்தில் காலைச் சாப்பாடு. மூன்று மீட்டர் இறக்கை விரித்து வருகிற காண்டர் கழுகுகளைப் பஸ் வழியில் குரூஸ் தெல் காண்டர் என்ற பார்வையிடத்தில் பார்க்க எட்டு மணியிலிருந்து பத்து மணி வரைதான் நல்ல நேரம், ஏறி முடித்த அன்றைக்கு அது கைகூடாது, வரும்போதே பார்த்துவிடுங்கள். திரும்பும் வழியில் சிவாய் என்ற ஊரில் இறங்கி லா கலேரா வெந்நீர்க் குளத்தில் ஒரு மணி நேரம் முழங்காலை ஊறப்போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் அரெகிப்பா போகலாம். நீச்சலுடையைப் பையின் அடியில் திணித்துவிடாதீர்கள்.