பைக்கின் அடிவயிற்றுக்கு ஒரு கவசம்: பேஷ் பிளேட் தேர்ந்தெடுப்பதும் மாட்டுவதும்

ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிக்குப் போகும் வழியில் கிராம்பூ முதல் பாட்டல் வரையிலான பாதை, உருண்டைக் கற்களுக்கும் குறுக்கே பாயும் ஓடைகளுக்கும் பெயர் போனது. அங்கே பைக் எடுத்துக்கொண்டு போக ஆசைப்படுபவர்கள் முதலில் விசாரிப்பது டயரைப் பற்றி. எஞ்சினுக்குக் கீழே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மி.மீ. தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் முன் சஸ்பென்ஷன் 200 மி.மீ., பின் சக்கரம் 180 மி.மீ. வரை அமுங்கும். பள்ளத்தில் இறங்கி இரண்டும் ஒன்றாக முழுதாய் அமுங்கும் நொடியில், எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டு விரல் இடைவெளி. அந்த இடத்தில் ஒரு கல் கிடந்தால் போதும். கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி உறை) வார்ப்பு அலுமினியம். பலமாக அடி வாங்கினால் இரும்பு போல நசுங்கி நிற்காது, விரிசல் விட்டுவிடும். ஆயில் ஒழுகிப் போனது தெரியாமல் நீங்கள் ஓட்டிக்கொண்டே போனால் எஞ்சின் ஜாம் ஆகிவிடும். இதைத் தடுக்க எஞ்சினுக்கு அடியில் மாட்டும் கெட்டித் தகடுதான் பேஷ் பிளேட்.

படி 1: படுத்துப் பாருங்கள்

பைக்கை சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, போனை அடியில் நீட்டி நாலு போட்டோ எடுங்கள். டிரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கக் கழற்றுவது) எங்கே இருக்கிறது, பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) எவ்வளவு கீழே இறங்குகிறது, பிரேம் குழாய்கள் எஞ்சினுக்கு அடியில் போகின்றனவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம்.

படி 2: பிளேட்டைத் தேர்ந்தெடுப்பது

கடையில் முதலில் தடிமனைத்தான் சொல்லி விற்பார்கள். நான் முதலில் பார்ப்பது, பிளேட் எதில் மாட்டுகிறது என்பதை. பிரேமில் மாட்டினால், கல்லில் விழும் அடி பிரேமுக்குப் போகும். எஞ்சினிலேயே மாட்டினால், பிளேட் வளையாவிட்டாலும் அதே அடி போல்ட் வழியாக நேராக எஞ்சினுக்குள் இறங்கும். ஹிமாலயன் 411-க்குக் கீழே பிரேம் குழாய்கள் உண்டு, கவலையில்லை. எஞ்சினே பிரேமின் ஒரு பகுதியாக இருக்கும் பைக்குகளில் (ஹிமாலயன் 450 அந்த ரகம்) அவ்வளவு சுலபம் இல்லை. அங்கே ரப்பர் புஷ் வைத்து வரும் பிளேட்டாகப் பாருங்கள்.

பொருள் என்று பார்த்தால், 4 மி.மீ. அலுமினியம் பெரும்பாலானவர்களுக்குப் போதும். இரும்பு கனம், துருப்பிடிக்கும், ஆனால் வளைந்தால் வழியில் எந்தப் பட்டறையிலும் தட்டி நிமிர்த்திவிடலாம். பிளாஸ்டிக் பிளேட் கல் மேல் அழகாக வழுக்கும். பெண்ட் பைப் பக்கத்தில் ஓடும் பைக்குக்கு அது சரிப்படாது, சூட்டில் இளகும்.

பிளேட் அடியோடு நின்றுவிடாமல் முன்னால் மேலேறி பெண்ட் பைப்பையும் மறைக்க வேண்டும், ஓரங்கள் பக்கவாட்டில் மடிந்திருக்க வேண்டும். டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஓட்டை இருந்தால் ஆயில் மாற்றும்போது பிளேட்டைக் கழற்ற வேண்டாம். மலை, திசைகாட்டி என்று லேசரில் படம் வெட்டிய பிளேட்டுகள் நிறைய வருகின்றன. பார்க்க கெத்துதான். ஆனால் அந்த ஓட்டைகளில்தான் சரளைக் கல் வந்து மாட்டும்.

உள்ளூர் பட்டறையில் அடித்து வாங்கினால், போல்ட் தலை கீழே துருத்தாமல் குழிக்குள் உட்காருகிறதா என்று பாருங்கள். துருத்தினால் முதல் பாறையிலேயே தலை தேய்ந்து போகும், அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது.

படி 3: மாட்டுவது

எஞ்சின் ஆறியிருக்கட்டும். பழைய தகட்டைக் கழற்றி, போல்ட் ஓட்டைகளில் இருக்கும் மண்ணை கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். மரையில் நீல நிற லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற வராது.

இனி பொறுமை தேவை. எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே நாலு சுற்று ஏற்றுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓட்டைகள் நேராக வராது. பலர் அங்கே ஸ்பேனரைப் போட்டு நெம்பி மரையைக் கெடுக்கிறார்கள். எல்லாம் ஏறிய பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் (டார்க்) என்ற குறிப்பு பிளேட்டோடு வந்தால் அதுவே கணக்கு. இல்லையென்றால் எம்6 (6 மி.மீ.) போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 20 முதல் 25 வரை வைத்துக்கொள்ளலாம்.

பிளேட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். பிளேட் கொஞ்சம் வளைந்தாலும் எஞ்சினைத் தொடக் கூடாது என்பதற்கான இடம் அது. சத்தம் குறைய அங்கே ஸ்பாஞ்ச் அடைப்பவர்கள் உண்டு. ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும், செய்யாதீர்கள்.

பிறகு பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நன்றாக அமுக்குங்கள். டயரோ மட்கார்டோ பிளேட்டில் உரசுகிறதா? எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்குங்கள். 'கிர்ர்' என்று அதிர்ந்தால் எங்கோ வாஷர் குறைகிறது.

படி 4: பக்கவாட்டு

லெக் கார்டு மாட்டுங்கள். கூடவே நுனி மடியும் கியர் லிவர். பைக் இடது பக்கம் சாயும்போது மடியாத லிவர் உள்பக்கம் வளைந்து எஞ்சின் கவரைக் குத்தும்.

படி 5: ஓட்டிய பிறகு

முதல் கரடுமுரடான ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை சோதியுங்கள். பிளேட்டுக்குள் தேங்கும் சேற்றை அன்றே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்தால் சூடு வெளியேறாது, ஆயில் கசிந்தாலும் சேறு உறிஞ்சிக்கொண்டு உங்களுக்குக் காட்டாது.

அடியில் 'டங்' என்று பலமாகக் கேட்டால் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள், ஆயில் கண்ணாடியில் மட்டத்தையும் பாருங்கள். மெல்லிய விரிசல் என்றால், ஆயில் பசையை பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, அந்த இடத்தை மணல்தாளால் தேய்த்து, எம்-சீலைப் பிசைந்து அழுத்தி ஒட்டுங்கள். பெட்ரோல் தொடும் முன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நன்றாக இறுகும் வரை காத்திருந்து, குறைந்த ஆயிலை ஊற்றி, அருகிலுள்ள மெக்கானிக்கிடம் மெதுவாகக் கொண்டு போய்ச் சேர்க்க இது போதும். அதனால் அரை லிட்டர் ஆயிலும் ஒரு எம்-சீல் பாக்கெட்டும் பையில் எப்போதும் இருக்கட்டும்.