அப்பாவுக்கு கவுட் இருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுராத்திரியில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கும். போர்வை உரசினால்கூடத் தாங்க முடியாது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 8.4 என்று வரும். அன்று மாலையே வீட்டில் பருப்பு, கீரை, காளான், காலிஃபிளவர் எல்லாம் நிறுத்தப்படும். கூடவே இரண்டு பேச்சுகள் கிளம்பும். "உங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, பரம்பரை, ஒன்னும் பண்ண முடியாது" என்பது ஒன்று. "வாயைக் கட்டியிருந்தா வந்திருக்குமா?" என்பது இன்னொன்று. முதல் பேச்சைக் கேட்டவர் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார். இரண்டாவதைக் கேட்டவர் மாத்திரையை விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பார். யூரிக் ஆசிட் மூட்டில் படிவதால் வரும் இந்த கவுட் என்ற மூட்டுநோயில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன.

பரம்பரை எங்கே வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். செல்களில் உள்ள பியூரின் என்ற வேதிப்பொருள் சிதையும்போது கடைசியில் மிஞ்சுவது யூரிக் ஆசிட். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் உடலின் செல்களிலிருந்தே வருகிறது. சாப்பாட்டிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதியைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் செய்கின்றன. ஆனால் சிறுநீரகம் வடிகட்டிய யூரிக் ஆசிட்டில் சுமார் 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கே உறிஞ்சிவிடுகிறது. எவ்வளவு உறிஞ்சுவது, எவ்வளவு வெளியே தள்ளுவது என்பதை எஸ்எல்சி2ஏ9, ஏபிசிஜி2 போன்ற மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. கவுட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு யூரிக் ஆசிட் அதிகமாக உற்பத்தியாவதில்லை, வெளியேறுவதுதான் குறைவு. 100 மில்லி ரத்தத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்த நிலையில் நிற்காது. ஊசி வடிவப் படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கும். உடலின் மற்ற பகுதிகளைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் கால்விரல் மூட்டில் இது சீக்கிரம் நடக்கிறது.

2018ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் ஐரோப்பிய வம்சாவளியினர் 16,760 பேரின் தரவுகளை அலசியது. ஆளுக்கு ஆள் யூரிக் ஆசிட் அளவு வேறுபடுவதில், எந்த ஓர் உணவுமுறையாலும் விளக்க முடிந்தது 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லை. பொதுவாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகளால் விளக்க முடிந்ததோ ஏறக்குறைய 24 சதவீதம். "நீ தின்னு தின்னு வரவழைச்சுக்கிட்டே" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டலாம்.

ஆனால் இதை வைத்து "சாப்பாட்டுக்கும் கவுட்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. அந்த எண்கள் மக்கள் கூட்டத்தைப் பற்றியவை. மூட்டில் ஏற்கெனவே படிகம் படிந்திருப்பவரின் கதை வேறு. 2012ல் வந்த இன்னோர் ஆய்வில், கவுட் உள்ள 633 பேரின் இரண்டு நாள் சாப்பாட்டை வலி வந்த சமயத்திலும் வராத சமயத்திலும் ஒப்பிட்டார்கள். மிக அதிக பியூரின் சாப்பிட்ட இரண்டு நாட்களை அடுத்து மறுபடி வலி வரும் வாய்ப்பு, மிகக் குறைவாகச் சாப்பிட்ட நாட்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. படிகம் சேரும் உடல்வாகு பரம்பரையில் வருகிறது. அது இந்த வாரம் வெடிக்குமா, அடுத்த வருடம் வரை அடங்கியிருக்குமா என்பதில் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

குடும்ப வரலாற்றை அரைகுறையாகக் கேட்பது

"அப்பாவுக்கு மூட்டுவலி இருந்தது" என்பது மட்டும் டாக்டருக்குப் போதாது. எந்த வயதில் தொடங்கியது, கட்டைவிரலா முழங்காலா, திடீரென வந்து ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கியதா, சிறுநீரகக் கல் இருந்ததா, குடும்பத்தில் யாராவது டயாலிசிஸ் வரை போனார்களா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வழியையும் விடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிட்டை வெளியேற்ற உதவுவதால் பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகே கவுட் வரும். அந்த வயதில் வருவதால் பலர் அதைத் தேய்மானம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

30 வயதுக்குள் கவுட் வந்தாலோ, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு வந்தாலோ, குடும்பத்தில் இளவயதிலேயே சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இருந்தாலோ, அது சாதாரணமான கவுட்தானா என்று சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மரபணுக் கோளாறால் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிய நோய்கள் இப்படித்தான் வெளிப்படும்.

பருப்பை நிறுத்திவிட்டு சூப் குடிப்பது

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 வருடம் பின்தொடர்ந்து 2004ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் கவுட் அபாயத்தைக் கூட்டின. பட்டாணி, பீன்ஸ், பருப்பு, பசலை, காளான், காலிஃபிளவர் என்று பியூரின் உள்ள தாவர உணவுகள் கூட்டவில்லை. பால் பொருட்கள் அபாயத்தைக் குறைத்தன. சாம்பாரை நிறுத்தியவர் அந்த இடத்தைச் சோற்றால் நிரப்புவார். எடையும் சர்க்கரையும் ஏறும், அதனால் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வெளியேற்றுவது மேலும் குறையும். சைவம் மட்டும் சாப்பிடும் ஒருவருக்குப் பருப்பையும் நிறுத்தச் சொல்வது கவுட்டைவிடப் பெரிய கெடுதல் என்பதே எங்கள் கருத்து.

நிறுத்த வேண்டியவை வேறு: ஆட்டு ஈரல், மண்ணீரல், கிட்னி, நெத்திலி, மத்தி, கருவாடு. கருவாட்டில் நீர் வற்றியிருப்பதால் அதே எடைக்குப் பியூரின் கூடுதல். கோழி, ஆட்டுக்கறி, மற்ற மீன்கள் என்றால் ஒரு வேளைக்கு 100 கிராமுக்குள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். "கறி தொடறதில்லை, சூப் மட்டும்தான்" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறியை வேகவைக்கும்போது பியூரின் தண்ணீரில் இறங்குகிறது. நீண்ட நேரம் கொதித்த எலும்பு சூப்பையும் குழம்பையும் விட்டுவிட்டு, வெந்த கறியை இரண்டு துண்டு சாப்பிடுவதே மேல்.

இனிப்புப் பானத்தைக் கணக்கில் எடுக்காதது

பியூரின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் இரண்டு லிட்டர் கோலா பாட்டில் நிற்கும். அதில் பியூரின் கிடையாது. ஆனால் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். ஈரல் அதைச் செரிக்கும்போது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வேகமாகச் செலவாகி, அதன் சிதைவே யூரிக் ஆசிட்டாக மாறுகிறது. வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி குடித்தால் 30 கிராம் உள்ளே போகும். சர்க்கரை போட்ட ஜூஸ், சர்பத்துக்கும் இதே கணக்கு. முழுப் பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீரோ உப்புக் குறைத்த நீர்மோரோ போதும். சர்க்கரை இல்லாத காபியை நிறுத்தத் தேவையில்லை.

மதுவில் "பீர்தானே, ஹாட் இல்லையே" என்ற சமாதானம் தலைகீழானது. பீரில் ஆல்கஹாலோடு பியூரினும் இருக்கிறது. ஓர் ஆய்வில், தினம் ஒரு 355 மில்லி பீர் கவுட் அபாயத்தை ஒன்றரை மடங்காக்கியது. அதே ஆய்வில் ஹாட் வகைகளின் பாதிப்பு அதைவிடக் குறைவு. இது முதன்முறை நோய் வருவதைப் பற்றியது. ஏற்கெனவே கவுட் உள்ளவருக்கு எந்த மதுவும் வலியைக் கிளப்பும்.

ஒரே மாதத்தில் எடையைக் குறைப்பது

எடை குறைவது யூரிக் ஆசிட்டைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோ டயட்டில் இறங்கினாலோ, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் கீட்டோனை வெளியேற்றும் அவசரத்தில் யூரிக் ஆசிட்டை உள்ளேயே நிறுத்திவிடும். டயட் தொடங்கிய முதல் வாரங்களிலேயே கால் வீங்குவது இதனால்தான். வாரத்துக்கு அரை கிலோ போதும். விரதம் இருப்பவர்கள் தண்ணீரையாவது விடாமல் குடிக்க வேண்டும்.

மற்ற மாத்திரைகளைக் காட்டாமல் இருப்பது

பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், நீர் இறங்கத் தரும் ஃப்ரூசமைடு, காசநோய்க்கான பைரஸினமைடு, இதயத்துக்கான குறைந்த அளவு ஆஸ்பிரின் எல்லாமே யூரிக் ஆசிட்டை ஏற்றும். தானாக எதையும் நிறுத்தக் கூடாது, ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது. சீட்டை மொத்தமாக டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் மாத்திரையை லோசார்டானுக்கு மாற்ற முடிந்தால் யூரிக் ஆசிட்டும் ஓரளவு இறங்கும்.

ரிப்போர்ட்டைத் தவறாகப் படிப்பது

லேப் தாளில் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஆண்களுக்கான நார்மல் அளவு 3.5 முதல் 7.2 வரை என்பதுபோல் அச்சாகியிருக்கும். மாத்திரை சாப்பிடும் கவுட் நோயாளிக்கு 7.0 வந்தால் "நார்மல்" என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்திவிடுவார். அவருக்கான அளவுகோல் அது இல்லை. 6க்குக் கீழே இருந்தால்தான் படிந்த படிகம் கரையும். காது மடலிலோ விரலிலோ சுண்ணாம்புக் கட்டிபோல் முடிச்சு வந்துவிட்டவருக்கு 5க்குக் கீழே வர வேண்டும்.

இன்னொன்று, வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் தற்காலிகமாக இறங்கியிருக்கலாம். அன்று 6.1 வந்தது என்பதால் கவுட் இல்லை என்று ஆகிவிடாது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

வலி வந்த நாளில் மருந்தைக் குழப்புவது

வீங்கிய மூட்டில் எண்ணெய் தேய்த்து நீவுவதும் ஒத்தடத்துக்குச் சூடு வைப்பதும் அழற்சியைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். மெடிக்கலில் பெயர் தெரியாத வலி மாத்திரைப் பொட்டலம் வாங்காதீர்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் டைக்ளோஃபெனாக் போன்றவை அதை மேலும் கெடுக்கும். கோல்ச்சிசின் நல்ல மருந்து, ஆனால் வலி போகவில்லை என்று இஷ்டத்துக்குக் கூட்டினால் விஷமாகும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து ஒரே மூட்டு வீங்கியிருந்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். "எனக்கு வழக்கமா வர்ற கவுட்தான்" என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை வேறு, வலி மாத்திரை வேறு. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினாலை 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பலவீனமானவருக்கு 50ல் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதித்து, 6க்குக் கீழே வரும்வரை டாக்டர் ஏற்றுவார். தொடங்கிய முதல் மாதங்களில் வலி அடிக்கடி வரலாம். படிகம் கரையத் தொடங்கும்போது மூட்டு கிளறப்படுவதால் வருவது அது. "மாத்திரை சேரல" என்று அந்தக் கட்டத்தில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். அதைத் தடுக்கவே 3 முதல் 6 மாதம் வரை குறைந்த அளவு கோல்ச்சிசின் துணைக்குத் தருகிறார்கள். வலி வந்தாலும் அலோபியூரினாலை நிறுத்தக் கூடாது.

நிறுத்த வேண்டிய ஒரே அவசரம் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல். அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும், இதிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. எச்எல்ஏ-பி*5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த அபாயம் அதிகம். ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து மக்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால் அவர்களுக்கு மாத்திரை தொடங்கும் முன் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். வீட்டில் யாருக்காவது அலோபியூரினால் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அண்ணன் தம்பிக்கும் மாத்திரை வாங்குவது

ஒருவருக்கு கவுட் என்றதும் கூடப்பிறந்தவர்கள் பரிசோதித்து, 7.6 வந்தால் அவருடைய மாத்திரையிலேயே இரண்டு எடுத்துப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. வலியே வராதவருக்கு எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பொதுவாக மருந்து தருவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 6க்குக் கீழே இருந்தவர்களில் 15 வருடத்தில் கவுட் வந்தது சுமார் 1 சதவீதத்தினருக்கு. 10ஐத் தாண்டியவர்களில் 49 சதவீதத்தினருக்கு. அப்படியென்றால் 10க்கு மேல் இருந்தவர்களிலேயே பாதிப்பேருக்கு 15 வருடத்திலும் வரவில்லை. கூடப்பிறந்தவரும் பிள்ளைகளும் யூரிக் ஆசிட்டோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இடுப்பளவு நான்கையும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். கோலாவும் பீரும் அவர்கள் இன்றே விட வேண்டியவை. மாத்திரையை முதல் வலி வந்த பிறகு டாக்டரோடு பேசிக்கொள்ளலாம்.