பாரி ஹாரிஸ் பாடத்தில் பலரும் சறுக்கும் இடம்

டெட்ராய்டில் 1929-இல் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ், 2021-இல் மறையும் வரை வாத்தியாராகவும் வாழ்ந்தவர். நியூயார்க்கில் 1982 முதல் 1987 வரை ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டரை நடத்தினார். அது மூடிய பிறகும் வகுப்புகள் தொடர்ந்தன. அங்கே சொன்ன விதிகளைப் புதிதாகப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எதற்காக அந்த விதி என்று கேட்பதில்லை.

எங்கே தொடங்கினாலும் ஒரே ஹாஃப் ஸ்டெப்பைச் சொருகுவது

கேட்கும்போதெல்லாம் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். சி செவன் கார்டு என்பது சி, ஈ, ஜி, பி ஃப்ளாட் நான்கும் சேர்ந்து ஒலிப்பது. அதற்கான ஸ்கேலில் ஏழு நோட். ஒரு பாரில், அதாவது நான்கு பீட் கொண்ட தாள அளவில், பீட்டுக்கு இரண்டாக எட்டு நோட் வேண்டும். அதனால் சி-யில் தொடங்கி இறங்கும்போது ஹாஃப் ஸ்டெப்பாக, அதாவது இரண்டு நோட்டுகளுக்கு நடுவே சொருகும் கூடுதல் நோட்டாக, பி நேச்சுரலைச் சேர்க்கிறோம்: சி, பி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், ஈ, டி. பீட்டில் விழுபவை சி, பி ஃப்ளாட், ஜி, ஈ. நான்குமே கார்டின் நோட்டுகள். பியானோ துணைக்கு இல்லாவிட்டாலும் கார்டு காதில் கேட்கும்.

இதையே டி-யில் தொடங்கிச் செய்தால் எல்லாம் கெட்டுவிடும். டி, சி, பி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், ஈ என்று இறங்கினால் பீட்டில் நிற்பவை டி, பி, ஏ, எஃப். ஒன்றுகூட கார்டில் இல்லை. நோட்டு தப்பில்லை, விரலும் தப்பில்லை, ஆனாலும் வாசிப்பு வழுக்கிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் சாதகம் செய்தவர்கள்கூட இங்கே சிக்கி, ஸ்விங் (ஜாஸுக்கே உரிய தாள அசைவு) வரவில்லை என்று தாளத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

ஹாரிஸ் விதி தொடங்கும் நோட்டைப் பார்க்கச் சொல்கிறது. சி, ஈ, ஜி, பி ஃப்ளாட் என்றால் ஒரு ஹாஃப் ஸ்டெப். டி, எஃப், ஏ என்றால் ஒன்றும் வேண்டாம், அல்லது இரண்டு: டி-க்கும் சி-க்கும் நடுவே ஒன்று, சி-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவே இன்னொன்று. சந்தேகம் வந்தால் இடது கையில் சி செவனைப் பிடித்து, பீட்டில் விழும் நோட்டுகளை மட்டும் வாசித்துப் பாருங்கள்.

சிக்ஸ்த் டிமினிஷ்டு ஸ்கேலை சோலோவில் ஓட்டுவது

சி மேஜரில் ஏ ஃப்ளாட் சேர்ந்த எட்டு நோட் இது. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் சி, ஈ, ஜி, ஏ. அடுத்த படியில் டி, எஃப், ஏ ஃப்ளாட், பி. சிக்ஸ்த் கார்டு, டிமினிஷ்டு கார்டு என மாறி மாறி வரும். முதலில் கார்டுகளை நகர்த்தப் பழகத்தான் ஹாரிஸ் இதைத் தந்தார்.

பாடாமல் வாசிப்பது

அவரே பாடித்தான் சொல்லிக்கொடுத்தார்.

டி மைனர் செவனுக்கு ஒரு ஸ்கேல், அடுத்து வரும் ஜி செவனுக்கு வேறொரு ஸ்கேல் என்று யோசிப்பது

ஜி செவன் ஸ்கேல் இரண்டுக்கும் போதும்.