வலிக்குப் பேட்ச் ஒட்டும் முன் உறையைப் படியுங்கள்

மெடிக்கலில் போய் "இடுப்பு வலிக்கு ஒட்டுற பேட்ச் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், கைக்கு வருவது எந்த மருந்து என்று சொல்ல முடியாது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான்: துணி போன்ற முதுகு, அடியில் பசை, அதன்மேல் உரித்துப்போடும் தாள். உள்ளே இருக்கும் மருந்து, ஒட்டி வைக்கும் நேரம், அதோடு செய்யக்கூடாதவை எல்லாம் வகைக்கு வகை மாறும். அதனால் உறையைக் கிழிக்கும் முன் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். உறையில்லாமல் உதிரியாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தைல வாசனை அடிப்பவற்றில் மெந்தால், மெத்தில் சாலிசிலேட் இருக்கும். பெரும்பாலும் 8 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டியவை. டைக்ளோஃபெனாக் பேட்ச் 100, 200 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. 24 மணி நேரத்துக்கு ஒன்று. கீட்டோபுரோஃபென் இதே இனத்து வலி மருந்து. லிடோகெய்ன் 5 சதவீத பேட்ச் நரம்பு எரிச்சலுக்கானது. ஃபென்டனில், பியூபிரனார்ஃபின் இரண்டும் தனி ரகம். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளான இவற்றை டாக்டர் எழுதித் தராமல் தொடவே கூடாது.

ஒட்டும் வேலை அரை நிமிடம்தான். தோலைத் தயார் செய்வதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் குளித்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் பேட்ச் ஒட்டினால் விடிவதற்குள் ஓரம் சுருண்டு பாய்மேல் கிடக்கும். எண்ணெய்ப் பிசுக்கு தோலில் இருக்கும்வரை எந்தப் பசையும் பிடிக்காது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, துண்டால் ஒற்றி, கால் மணி நேரம் காற்றாட விடுங்கள். பவுடர், விபூதி, சந்தனம் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுங்கள், சவரம் செய்யாதீர்கள். பிளேடு படும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அந்த வழியில் மருந்து அளவு மீறி இறங்கும், எரியவும் செய்யும். புண், கொப்புளம், சொறி, வேர்க்குரு உள்ள இடத்திலும் ஒட்டக்கூடாது.

உரிதாளை ஒரே இழுப்பில் முழுதாக எடுத்தால் பேட்ச் மடங்கித் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பாதியை மட்டும் உரித்து, அந்தப் பாதியைத் தோலில் பதித்தபின் மீதித் தாளை மெல்ல இழுங்கள். உள்ளங்கையால் 30 விநாடி அழுத்தி, விரலால் நாலு ஓரத்தையும் நீவிவிடுங்கள். முழங்காலுக்கு ஒட்டும்போது காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும். நீட்டியபடி ஒட்டினால் எழுந்து நாலடி நடந்ததும் பிய்ந்துகொள்ளும். ஒட்டிய தேதியையும் மணியையும் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். கையைக் கழுவுவதற்கு முன் கண்ணைக் கசக்க வேண்டாம்.

அடுத்தது சூடு. வலி என்றதும் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பேட்ச் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. சூடு பட்டால் ரத்தக் குழாய்கள் விரியும். ஒரு நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து சீக்கிரமே உடம்பில் ஏறிவிடும். மெந்தால், மெத்தில் சாலிசிலேட் வகைகளால் தோல் வெந்து கொப்புளம் கண்ட சம்பவங்கள் வந்ததையடுத்து, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் எச்சரிக்கை விடுத்தது. வெந்நீர்ப் பை, மின்சார ஒத்தடப் பட்டை, பேட்ச்மேல் இறுக்கிப் போடும் முழங்கால் உறை, மேலே இன்னொரு கோட்டிங் தைலம் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்ந்தவை. ஒத்தடம்தான் வேண்டுமென்றால் அன்றைக்குப் பேட்ச் வேண்டாம். சுருக்கென்று எரிந்தால் "மருந்து வேலை செய்யுது" என்று பல்லைக் கடிக்காமல் உடனே உரித்து, குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

வெயிலிலும் கவனம் வேண்டும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி பறிப்பவர்கள் முழங்கையில் கீட்டோபுரோஃபென் ஒட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால், வெயில் பட்ட இடம் சிவந்து தடித்துக் கொப்புளிக்கலாம். பேட்ச்சை எடுத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு அந்த இடத்தில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டையால் மூடிக்கொள்ள வேண்டும். மாங்காய் சீசனில் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லி வேறு மருந்து கேட்பது உத்தமம்.

தோலில் ஒட்டுவதுதானே என்று டைக்ளோஃபெனாக்கை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரையைவிடக் குறைவுதான் என்றாலும் ரத்தத்தில் அது கலக்கிறது. வலிக்கு ஊசி போட்டு, மாத்திரையும் விழுங்கி, மேலே பேட்ச்சும் ஒட்டினால் மூன்றும் ஒரே மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். அடி வாங்குவது வயிறும் சிறுநீரகமும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், வலி மாத்திரை போட்டு எப்போதாவது இளைப்பு வந்தவர்கள், 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தைல வாசனைப் பேட்ச்கூட ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

லிடோகெய்ன் பெரும்பாலும் அக்கி வந்து ஆறிய பிறகும் விடாத எரிச்சலுக்கு எழுதித் தரப்படுவது. ஆறிய பிறகு என்பதைக் கவனியுங்கள். கொப்புளம் இருக்கும்போது ஒட்டக்கூடாது. அக்கி எழுதிய காவி பூசியிருந்தால் அது முழுக்கப் போக வேண்டும். 12 மணி நேரம் ஒட்டி, அடுத்த 12 மணி நேரம் தோலைச் சும்மா விட வேண்டும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 3 பேட்ச்; அதற்குள் எத்தனை என்பது டாக்டர் சொல்கிற கணக்கு. சின்னதாக வேண்டுமென்றால் உரிதாளை எடுக்கும் முன்பே கத்தரித்துக்கொள்ளலாம். மற்ற வகைகளை உறையில் சொல்லாமல் வெட்டாதீர்கள். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: 700 மில்லிகிராம் உள்ள ஒரு பேட்ச்சை 12 மணி நேரம் கழித்து எடுக்கும்போதும் 665 மில்லிகிராமுக்குக் குறையாமல் அதிலேயே இருக்கும். அதை எடுத்துக் குழந்தையோ நாயோ மென்றால் ஆபத்து. எந்த வகையானாலும், கழற்றியதும் பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து அழுத்தி, கைக்கெட்டாத மூடிபோட்ட குப்பையில் போடுங்கள்.

ஃபென்டனில், பியூபிரனார்ஃபின் பேட்ச் வீட்டில் புற்றுநோயாளிக்குத் தரப்பட்டிருக்கலாம். ஃபென்டனில் 72 மணி நேரத்துக்கு ஒன்று, பியூபிரனார்ஃபின் பொதுவாக 7 நாளுக்கு ஒன்று. புதிதை ஒட்டும் முன் பழையதை எடுத்தாகிவிட்டதா என்று உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். முதுகில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் இடம் மாற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் தோலை வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், சோப்பு ஆகாது. முதல் பேட்ச்சின் மருந்து முழுதாக வேலை செய்ய ஒரு நாள்வரை ஆகலாம். "வலி கேக்கல" என்று இரண்டாவதை ஒட்டிவிடாதீர்கள். நல்ல காய்ச்சல் வந்தாலும் மருந்து வேகமாக ஏறும், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கழற்றியதை ஆஸ்பத்திரியில் திருப்பி வாங்கிக்கொண்டால் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மந்தமாவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, பேச்சு குழறுவது இவற்றில் எதைக் கண்டாலும் பேட்ச்சை உரித்துவிட்டு 108-ஐ அழையுங்கள். உரித்தபின் முகம் கொஞ்சம் தெளிந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பக்கூடாது. தோலுக்கடியில் சேர்ந்திருக்கும் மருந்து இன்னும் பல மணி நேரம் ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். உரித்த பேட்ச்சையும் உறையையும் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோனால், எந்த மருந்து, எவ்வளவு பலம் என்று டாக்டர் பார்த்ததும் தெரிந்துகொள்வார்.