அணைத்து வைத்த சிவப்பு விளக்கு

படுக்கையறையில் ஒரு ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ், ஒற்றைப் போர்டில் அடங்கும் குட்டிக் கணினி, ஓடுகிறது. ராத்திரியில் கண்ணைக் குத்துகிறதே என்று அதன் சிவப்பு பவர் விளக்கை கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பில் ஒரு வரி சேர்த்து அணைத்திருந்தேன். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிய நாள் முதல் போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆனது. மெமரி கார்டைக்கூட மாற்றிப் பார்த்தேன், தண்டச் செலவு.

கடைசியில் அந்த வரியை நீக்கினேன். டிஸ்க் சுழலத் தொடங்கும்போதெல்லாம் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது அணையும். எச்சரிக்கை மணியை நானே கழற்றி வைத்திருக்கிறேன்!

மின்சாரம் போதாததற்குக் காரணம் பழைய போன் சார்ஜர், நூல் மாதிரி கேபிள். 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் மாட்டி, டிஸ்க்கைத் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப்புக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். ஓரத்தில் லேசாகச் சிவப்பு கசியும், அது போதும்.